மலிவு விமானமா, ரயிலா: இணைப்புப் பயணத்தின் உண்மையான கணக்கு

நீண்ட விமானப் பயணம் முடிந்து ஒரு பெரிய விமான நிலையத்தில் வந்து இறங்கியாயிற்று. போய்ச் சேர வேண்டிய ஊர் அங்கிருந்து இன்னும் நானூறு, ஐந்நூறு கிலோமீட்டர். மிச்சத் தூரத்துக்கு உள்நாட்டு விமானம் பிடிப்பதா, ரயிலில் போவதா? இன்று பெரும்பாலோர் கைப்பேசியில் இரண்டு எண்களைப் பார்த்து இதற்கு விடை சொல்லிவிடுகிறார்கள். எது குறைவோ அது. பல தடங்களில் அந்தக் குறைந்த எண் விமானத்துடையதாக இருக்கிறது. தரையில் ஓடுவதைவிடப் பறப்பது எப்படி மலிவாக முடியும் என்று வியப்பவர்களும் உண்டு.

முடியும். அதற்கு வரலாறும் உண்டு, கணக்கும் உண்டு. ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பி முடிவெடுத்தால் ஏமாற வேண்டிவரும். விமானத்துக்குக் காட்டப்படும் தொகை பெரும்பாலும் ஓர் இருக்கைக்கு மட்டுமானது. ரயிலுக்குக் காட்டப்படும் தொகையில் பெட்டி, பை எல்லாம் அடங்கிவிடும். இரண்டையும் நேர்மையாக ஒப்பிட வேண்டுமென்றால் வீட்டு வாசல் வரை ஆகும் செலவைக் கூட்டிப் பார்க்க வேண்டும். அதற்கும் மேல், இணைப்புப் பயணத்துக்கே உரிய கேள்வி ஒன்று இருக்கிறது. முதல் வண்டி தாமதமாகி இரண்டாவது வண்டி கிளம்பிப் போய்விட்டால் நஷ்டம் யார் தலையில்? கட்டணத்தைவிடவும் நேரத்தைவிடவும் இந்தக் கேள்விதான் முக்கியம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். எந்தக் கட்டணப் பக்கமும் இதைக் காட்டுவதில்லை.

விமானக் கட்டணம் மலிந்த கதை

அமெரிக்காவில் 1978 வரை உள்நாட்டு விமானக் கட்டணங்களை அரசு வாரியம்தான் தீர்மானித்தது. எந்த நிறுவனம் எந்தத் தடத்தில் பறக்கலாம் என்பதும் அதன் கையில்தான். அந்த ஆண்டு அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அந்தக் கட்டுப்பாட்டைப் படிப்படியாக நீக்கியது. சவுத்வெஸ்ட் என்ற மலிவு விமான நிறுவனம் அதற்கு முன்பே, 1971இல், டெக்சாஸ் மாநிலத்துக்குள் மட்டும் பறந்து கொண்டிருந்தது. மாநில எல்லையைத் தாண்டாததால் மத்திய வாரியத்தின் கட்டணக் கட்டுப்பாடு அதைத் தொடவில்லை. ஒரே வகை விமானம், தரையில் குறைந்த நேரம், ஒரு நாளில் அதிகச் சுற்றுகள் என்ற அதன் வழியை ஐரோப்பாவில் ரையனேர் நிறுவனம் எடுத்துக்கொண்டு இன்னும் தீவிரமாக்கியது. 1997இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எந்த உறுப்பு நாட்டு நிறுவனமும் வேறொரு உறுப்பு நாட்டின் உள்நாட்டுத் தடத்தில்கூடப் பறக்கலாம் என்றான பிறகு மலிவு விமானம் அங்கே பெருகியது.

இது கதையின் ஒரு பாதிதான். மறு பாதி, ஒரே விமானத்தில் ஒரே மாதிரி இருக்கைகளை வெவ்வேறு விலைக்கு விற்கும் கணக்கு. பிரிட்டனின் பிஓஏசி விமான நிறுவனத்தில் வேலை பார்த்த கென் லிட்டில்வுட் 1972இல் அதற்கு ஓர் எளிய விதி சொன்னார். இப்போது மலிவு விலைக்கு ஒருவர் கேட்கிறார். அவருக்குக் கொடுத்துவிடலாமா, அல்லது கடைசி நேரத்தில் அதிக விலை கொடுக்க வருபவருக்காக நிறுத்தி வைக்கலாமா? அதிக விலையை, அப்படி ஒருவர் வருவதற்கான வாய்ப்பால் பெருக்கிப் பாருங்கள். மலிவு விலை அந்தத் தொகையைவிடக் குறையாமல் இருக்கும்வரை கொடுக்கலாம். குறைந்தால் கதவை மூடிவிட வேண்டும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1985 ஜனவரியில் இந்த வழியை முழு வீச்சில் இறக்கியது. மலிவுக்குப் பெயர்போன பீப்பிள் எக்ஸ்பிரஸ் கேட்ட விலைக்கே, ஆனால் சில இருக்கைகளை மட்டும், முன்கூட்டியே வாங்குபவருக்குக் கொடுத்தது. மிச்ச இருக்கைகளில் வழக்கமான வருமானம் வந்துகொண்டிருந்தது. இரண்டே ஆண்டுகளில் பீப்பிள் எக்ஸ்பிரஸ் வேறொரு நிறுவனத்துக்குள் கரைந்து போனது.

அதனால்தான் நேற்று பார்த்த விலை இன்று இல்லை. விலை ஏறுவதற்கு நாம் திரும்பத் திரும்பத் தேடியது காரணம் என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு: அந்த விலையில் ஒதுக்கியிருந்த இருக்கைகள் விற்றுத் தீர்ந்து, அடுத்த படியின் கதவு திறந்திருக்கும். நான்கு பேருக்குச் சேர்த்துத் தேடும்போது கீழ்ப்படியில் மூன்று இருக்கைதான் மிச்சம் என்றால், பல தளங்கள் நால்வருக்குமே மேல்படி விலையைக் காட்டிவிடும். குடும்பமாகப் போகிறவர்கள் ஒருமுறை தனி ஆளாகவும் தேடிப் பார்ப்பது நல்லது.

மூன்றாவதாக வந்தது உரித்துப் பிரித்து விற்கும் பழக்கம். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2008இல், எரிபொருள் விலை உச்சத்தில் இருந்தபோது, முதல் பெட்டிக்கே தனிக் கட்டணம் வாங்கத் தொடங்கின. மலிவு நிறுவனங்கள் அதற்கு முன்பே அதைத் தொடங்கியிருந்தன. இருக்கை தேர்வு, உணவு, மற்றவர்களுக்கு முன்பே ஏறுவது, சில இடங்களில் கைப்பை என்று ஒவ்வொன்றும் கழன்று தனிக் கட்டணமாகிவிட்டது. முதல் பக்கத்தில் தெரியும் தொகை சிறியதாக இருப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

ரயில் கட்டணத்துக்கு வேறு புத்தி

விமானத்தின் செலவு பெருமளவு மேலே ஏறுவதிலும் கீழே இறங்குவதிலும் இருக்கிறது. மேலே ஏறச் செலவாகும் எரிபொருள், தரையிறங்கும் கட்டணம், நிலையக் கட்டணம் எல்லாம் குறுகிய தூரத்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான். நடுவில் கூடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் ஒப்பீட்டில் மலிவு. வானத்தில் யாரும் தண்டவாளம் போட வேண்டியதில்லை. ரயிலுக்கோ ஒவ்வொரு கிலோமீட்டரிலும் பாதை, பாலம், சிக்னல், பராமரிப்பு. பல நாடுகளில் ரயில் இயக்குபவர் பாதையின் சொந்தக்காரருக்கு ஓடும் தூரத்துக்கேற்ப வாடகை கட்டுகிறார். எனவே தூரம் கூடக்கூட விமானத்தின் கை ஓங்கும். குறுகிய தூரத்தில் விமானம் ரயிலைவிட மலிவாகத் தெரிந்தால் அந்த வித்தியாசத்தை யாரோ ஏற்கிறார்கள் என்று பொருள்: போட்டிக்காக நிறுவனம் ஏற்கலாம், விமானத்தை வரவழைக்கச் சலுகை தரும் சிறிய விமான நிலையம் ஏற்கலாம், அல்லது அதே விமானத்தில் அதிக விலை கொடுத்து உட்கார்ந்திருக்கும் பயணி ஏற்கலாம். பன்னாட்டு விமானப் போக்குவரத்துக்கான 1944 சிகாகோ உடன்படிக்கையின்படி பன்னாட்டு விமானம் தொட்டியில் கொண்டுவரும் எரிபொருளுக்குச் சுங்கம் கிடையாது. உள்நாட்டுப் பறப்புக்கு வரி போடுவதை அது தடுக்கவில்லை. போடுவதும் விடுவதும் அந்தந்த நாட்டின் முடிவு.

ரயில் விலையில் இரண்டு மரபுகள் உண்டு. ஒன்று தூரத்தையும் வகுப்பையும் வைத்து நிலையான கட்டணம். ஜப்பானின் ஷிங்கன்சென் அதிவேக ரயில் இன்றும் பெரும்பாலும் அப்படித்தான். பருவத்துக்கேற்பச் சிறு மாற்றம் உண்டு என்றாலும் நாளைக்குப் போக இன்று வாங்கினாலும் விலை எகிறிவிடாது. இந்திய ரயில்களில் பெரும்பாலானவையும் இந்த மரபுதான். 2016 செப்டம்பரில் ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில் மட்டும் பத்து சதவீத இடங்கள் நிரம்பும்தோறும் அடிப்படைக் கட்டணம் பத்து சதவீதம் ஏறும் முறை வந்தது. இன்னொரு மரபு விமானத்தைப் பார்த்துக் கற்றது. பிரான்சின் அரசு ரயில் நிறுவனமான எஸ்என்சிஎஃப் 1993இல் சோக்ராட் என்ற முன்பதிவு அமைப்பைக் கொண்டுவந்தது. அதன் வேரே ஓர் அமெரிக்க விமான நிறுவனத்தின் முன்பதிவு அமைப்பில்தான் இருக்கிறது. இன்று ஐரோப்பாவின் அதிவேக ரயில்களில் பெரும்பாலும் முந்தி வாங்குபவருக்கு மலிவு, பிந்தி வருபவருக்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு.

இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பற்றாக்குறையான இடத்தைப் பங்கிட இரண்டே வழி: விலையை ஏற்றுவது, அல்லது வரிசையில் நிறுத்துவது. விமானத்தில் விலை ஏறும், ஆனால் பணம் இருந்தால் இடம் உண்டு. நிலையான கட்டண ரயிலில் விலை ஏறாது, ஆனால் பண்டிகை வாரத்தில் காத்திருப்போர் பட்டியல் நீண்டுகொண்டே போகும். இணைப்புப் பயணத்துக்கு உறுதியாகாத டிக்கெட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அதை டிக்கெட்டாகவே எண்ணக்கூடாது. நள்ளிரவில் வந்து இறங்கி, பட்டியலில் பெயர் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது. மறுபுறம், கடைசி நேரத்தில் கிளம்ப வேண்டி வந்தால் நிலையான கட்டண ரயிலில் ஓர் இடம் கிடைத்துவிட்டாலே போதும், அன்றைய விமான விலைக்கு அது பக்கத்தில்கூட வராது.

போட்டி வந்த இடங்களில் ரயிலும் இறங்கி வருகிறது. இத்தாலியில் 2012இல் இட்டாலோ என்ற தனியார் அதிவேக ரயில் அரசு ரயிலோடு அதே தண்டவாளத்தில் ஓடத் தொடங்கியதும் விலைகள் சரிந்தன. ஸ்பெயினில் 2021இல் வீகோ என்ற மலிவு அதிவேக ரயில் போட்டிக்கு வந்தபோதும் அதுவே நடந்தது. மாட்ரிட், பார்சிலோனா தடத்தைப் பாருங்கள். 2008 பிப்ரவரியில் 621 கிலோமீட்டர் அதிவேகப் பாதை முழுமையாகும்வரை உலகின் நெரிசலான விமானத் தடங்களில் அதுவும் ஒன்று. ரயில் இரண்டரை மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கத் தொடங்கியதும் பயணிகள் ரயில் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். ரயில் நேரம் மூன்று மணிக்குள் இருந்தால் ஆட்கள் ரயிலைத் தேர்கிறார்கள், நான்கரையைத் தாண்டினால் விமானத்துக்குப் போகிறார்கள் என்பது போக்குவரத்துத் துறையில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. இடைப்பட்ட அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் விலை பேசுகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஏதோ ஒரு நாட்டு நாணயத்தில் விமானம் 40, ரயில் 70 என்று தேடுதளம் காட்டுகிறது என வைத்துக்கொள்வோம். பயணி காலை 10 மணிக்கு வெளிநாட்டிலிருந்து இறங்குகிறார். கையில் ஒரு பெரிய பெட்டி.

விமானம் 40. பெட்டிக்கு 28. இருக்கை தேர்வு 6. பணம் செலுத்தும் பக்கத்தில் சேவைக் கட்டணம் 4. ஆக 78. போய் இறங்கும் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர 14. மொத்தம் 92. ரயில் 70. விமான நிலையத்திலிருந்து பெரிய ரயில் நிலையத்துக்கு நகர ரயிலில் 6. ஊரில் இறங்கி வீட்டுக்கு 4. மொத்தம் 80. முதலில் 30 குறைவாக இருந்த விமானம் இப்போது 12 கூடுதல்.

நேரத்தையும் பார்ப்போம். குடிநுழைவு, பெட்டி, சுங்கம் முடிந்து 11.15க்கு வெளியே வருகிறார். தனி டிக்கெட் என்பதால் பெட்டியை மறுபடி ஒப்படைக்க வேண்டும். அந்தக் கவுன்டர் விமானம் புறப்பட ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடலாம். கொஞ்சம் தாமதமானாலும் தாங்கட்டும் என்று 1.30 விமானத்தை எடுத்திருக்கிறார். பறப்பது ஒரு மணி ஐந்து நிமிடம்தான். 2.35க்கு இறங்கி, பெட்டி கைக்கு வந்து, ஊருக்குள் போய்ச் சேரும்போது மாலை 4. ரயிலில் என்றால் 11.15க்கு வெளியே வந்தவர் 12 மணிக்கு முன் பெரிய நிலையத்தில் இருப்பார். 12.30 வண்டி, நான்கு மணி நேரம், 4.45க்கு வீடு. ‘ஒரு மணி நேரத்தில் பறந்துவிடலாம்’ என்று எண்ணிய பயணத்தில் மிச்சமானது முக்கால் மணி நேரம்.

இதே பயணியின் கையில் ஒரு முதுகுப்பை மட்டும் இருந்தால் கணக்கு திரும்பிவிடும். 28 போய் விமானம் 64 ஆகும், பெட்டிக்குக் காத்திருக்கவும் வேண்டாம், முந்தைய விமானத்தையே எடுத்திருக்கலாம். அங்கே விமானம்தான் சரி. ரயில் ஒன்பது மணி நேரம் எடுக்கும் தூரமென்றாலும் பகல் பயணத்துக்கு விமானம்தான். இரவு ரயிலில் படுத்துத் தூங்கிக்கொண்டே போக முடிந்தால் ஓர் ஓட்டல் அறை வாடகையை ரயில் பக்கம் கழிக்க வேண்டும். மூன்று, நான்கு பேராகப் போகும்போது டாக்சிச் செலவு பங்காகிக் குறையும், டிக்கெட் செலவு குறையாது. எது மலிவு என்பதைத் தூரத்தைவிடப் பெட்டியும் தலைக்கணக்கும் அதிகமாகத் தீர்மானிக்கின்றன.

விமான நிலையத்தின் பெயரையும் கூர்ந்து பார்க்க வேண்டும். பிராங்க்ஃபர்ட் ஹான் என்று விற்கப்பட்ட நிலையம் பிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஏறக்குறைய 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பாரிஸ் என்று காட்டப்படும் போவே நிலையம் பாரிஸ் நகரத்திலிருந்து 80 கிலோமீட்டருக்கும் மேல். மலிவு நிறுவனங்களுக்கு இத்தகைய நிலையங்களில் கட்டணம் குறைவு. அந்தக் குறைவை ஈடுகட்டும் பேருந்துக் கட்டணத்தைப் பயணி கொடுக்கிறார். ஒரே நகரத்தில் இரண்டு விமான நிலையங்கள் இருந்து, வந்திறங்கும் நிலையமும் மலிவு விமானம் கிளம்பும் நிலையமும் வேறு வேறாக இருந்தால் கேட்கவே வேண்டாம். நகரத்தைக் குறுக்கே கடக்கும் அந்தப் பயணம் எந்தத் தேடலிலும் விலையாகத் தெரிவதில்லை.

தேடுதளங்களில் ரயில் பல நேரம் தெரியாமலே போவதற்கும் ஒரு பழைய காரணம் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐபிஎம்மும் சேர்ந்து உருவாக்கிய சேபர் என்ற கணினி முன்பதிவு அமைப்பு, பின்னாளில் பல நிறுவனங்களின் இருக்கைகளையும் விற்கும் பொதுச் சந்தையாக வளர்ந்தது. விமானக் கட்டணங்களை ஒரே வடிவத்தில் திரட்டி எல்லோருக்கும் தரும் ஏற்பாடும் அத்துறையில் உண்டு. ரயில்களும் கணினிக்கு வரத் தாமதிக்கவில்லை. ஜப்பான் தேசிய ரயில்வேயின் மார்ஸ் அமைப்பு 1960லேயே ஓடியது. ஆனால் ஒவ்வொரு நாட்டு ரயில்வேயும் தனக்கென்று ஓர் அமைப்பைக் கட்டிக்கொண்டது, தன் எல்லைக்குள் தானே விற்றது. முன்பதிவு திறக்கும் நாளும் ஒத்துப்போவதில்லை. விமான டிக்கெட் கிட்டத்தட்ட ஓர் ஆண்டு முன்பே விற்பனைக்கு வந்துவிடும். ஷிங்கன்சென் இருக்கை வழக்கமாக ஒரு மாதம் முன்பு, இந்திய ரயில்களில் 2024 நவம்பர் முதல் அறுபது நாள் முன்பு. நான்கு மாதம் முன்பு தேடுபவருக்கு விமானம் மட்டும்தான் கண்ணில் படும். ரயில் இல்லை என்று நினைத்து விமானத்தை வாங்கிவிடுகிறார். ரயில்வேயின் சொந்தத் தளத்தை ஒருமுறை திறந்து பார்க்காமல் செய்யும் ஒப்பீடு ஒருதலைப்பட்சமானது.

இணைப்பு தவறினால்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். வெளிநாட்டு விமானமும் உள்நாட்டு விமானமும் ஒரே முன்பதிவு எண்ணில் இருந்தால் சட்டத்தின் கண்ணில் அது ஒரே பயணம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. ஐரோப்பாவில் விமானப் பயணிகளின் உரிமைகள் பற்றிய 2004ஆம் ஆண்டின் 261ஆம் விதிமுறையின் கீழ், இழப்பீட்டைக் கணக்கிடும்போது கடைசியாகப் போய்ச்சேரும் ஊரில் ஏற்பட்ட தாமதத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று 2013இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று ஒன்று நிர்ணயித்திருக்கிறார்கள். அதற்குக் குறைவான இடைவெளியில் இரண்டு விமானங்களை ஒரே டிக்கெட்டாக முன்பதிவு அமைப்பு விற்காது.

தனித்தனியாக வாங்கினால் இவை எதுவும் இல்லை. உள்நாட்டு மலிவு நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவர் அல்லர், நேரத்துக்கு வராத பயணி மட்டுமே. டிக்கெட் போயிற்று. புது டிக்கெட் அன்றைய விலைக்கு, அதாவது லிட்டில்வுட் விதியின் மேல்படியில். பெட்டியின் எடை அளவும் மாறும்: நீண்ட தூர விமானம் இருபத்து மூன்று கிலோவை அனுமதித்திருக்கும், உள்நாட்டு நிறுவனம் பதினைந்தோடு நிறுத்தும். மிச்ச எட்டுக் கிலோவுக்குக் கவுன்டரில் கேட்கும் தொகை பல நேரம் டிக்கெட்டைவிடப் பெரிது.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே டிக்கெட்டின் விலை இரண்டு தனி டிக்கெட்டுகளின் கூட்டல் அன்று. நிறுவனங்கள் புறப்படும் ஊர், சேரும் ஊர் என்ற இரண்டையும் வைத்து விலை போடுகின்றன. பெரிய நகரம் வரையிலான டிக்கெட்டும் அதைத் தாண்டிய சிற்றூர் வரையிலான டிக்கெட்டும் ஒரே விலையில் இருப்பது உண்டு, சிற்றூருக்கு மலிவாக இருப்பதும் உண்டு. ஆகவே பெரிய நகரத்துக்கு ஒரு டிக்கெட்டை வாங்கிவிட்டு அதன்பின் உள்நாட்டுக்கு மலிவு தேடுவது தலைகீழ் வேலை. முதலில் கடைசி ஊர் வரை ஒரே டிக்கெட்டுக்கு என்ன விலை என்று பார்க்க வேண்டும். ஒரு கட்டுப்பாடு உண்டு: 1944 சிகாகோ உடன்படிக்கையின் ஏழாம் பிரிவு, தன் உள்நாட்டுத் தடங்களைத் தன் நிறுவனங்களுக்கே ஒதுக்கிக்கொள்ளும் உரிமையை ஒவ்வொரு நாட்டுக்கும் தருகிறது. வெளிநாட்டு நிறுவனம் உங்களைக் கடைசி ஊர் வரை கொண்டுபோக வேண்டுமென்றால் அங்குள்ள ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் வேண்டும். மலிவு நிறுவனங்களில் பல அத்தகைய ஒப்பந்தம் வைத்துக்கொள்வதில்லை. அந்த மலிவுக்கு அதுவும் ஒரு காரணம்.

ரயிலை இந்த ஒற்றை டிக்கெட்டுக்குள் கொண்டுவந்த இடங்கள் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அதுதான். பிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் நெடுந்தூர ரயில் நிலையம் 1999இல் திறந்தது. 2002இல் கோலோன் நகரம் வரை அதிவேகப் பாதை வந்தது. ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். லுஃப்தான்சாவும் ஜெர்மன் ரயில்வேயும் சேர்ந்து அந்த ரயிலுக்கு விமான எண் கொடுத்து விற்கின்றன. கோலோன் ரயில் நிலையத்துக்கு விமான நிலையங்களுக்கு இருப்பதுபோலவே மூன்றெழுத்துக் குறியீடு உண்டு: க்யூ கே எல். விமானம் தாமதமானால் அடுத்த ரயிலில் இடம் கொடுப்பது அவர்கள் பொறுப்பு. அந்த இரண்டு நகரங்களுக்கிடையே ஓடிய விமானங்களுக்குப் பின்னர் வேலையில்லாமல் போயிற்று. பாரிஸ் சார்ல் த கோல் நிலையத்துக்கு 1994இல் டிஜிவி அதிவேக ரயில் வந்தபின் அங்கும் ஏர் பிரான்ஸ் இதே வழியில் போனது. பிரான்ஸ் 2023 மே மாதம், ரயிலில் இரண்டரை மணிக்குள் போகக்கூடிய மூன்று தடங்களில், பாரிசின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து போர்தோ, நாந்த், லியோன் நகரங்களுக்குப் போகும் விமானங்களை நிறுத்தும் ஆணையைப் பிறப்பித்தது. அப்போதும் இணைப்புப் பயணிகளுக்கான விமானங்களை விட்டுவைத்தது. ரயில் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பொறுப்பேற்கும் ஒரே டிக்கெட் எல்லா இடத்திலும் இல்லை என்பதால் அந்த விலக்கு புரிந்துகொள்ளக் கூடியதே.

தனி ரயில் டிக்கெட்டுக்கும் உரிமைகள் உண்டு என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் ரயில் ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் கால் பங்கும், இரண்டு மணி நேரமானால் பாதியும் இழப்பீடாகக் கிடைக்கும். ஆனால் அது ரயில் கட்டணத்தில் கால், பாதி. ரயில் தாமதத்தால் போன விமானத்துக்கு ரயில்வே பொறுப்பேற்காது. விமானத் தாமதத்தால் போன ரயிலுக்கு விமான நிறுவனமும் பொறுப்பேற்காது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி பயணியுடையது.

அந்த இடைவெளியை ரயில் பக்கத்தில் சற்று மலிவாகச் சமாளிக்கலாம் என்பதுதான் ரயிலுக்குச் சாதகமாக நான் காணும் பெரிய விஷயம். மணிக்கொரு வண்டி ஓடும் தடத்தில், எந்த வண்டியிலும் ஏறலாம் என்ற முழுக்கட்டண டிக்கெட் கையில் இருந்தால் இணைப்பு தவறுவது என்ற பேச்சே இல்லை, அடுத்த வண்டி இருக்கிறது. மலிவு விலை ரயில் டிக்கெட் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட வண்டிக்கு மட்டுமே செல்லும். விமானத்திலிருந்து இறங்கிப் பிடிக்க வேண்டிய ரயிலுக்கு அதை வாங்குவது சரியல்ல. கொஞ்சம் கூடக் கொடுத்தாவது வண்டி மாற்றிக்கொள்ளக்கூடிய டிக்கெட்டையே எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டே வண்டி ஓடும் தடமென்றால் இந்தச் சாதகம் இல்லை. அங்கே மாலை வண்டியைத் தவறவிட்டால் ஓர் இரவு போய்விடும்.

போகும் திசைக்கும் வரும் திசைக்கும் ஒரே விடை தேவையில்லை. வெளிநாட்டிலிருந்து இறங்கி ஊருக்குப் போகும்போது இணைப்பு தவறினால் போவது ஓர் உள்நாட்டு டிக்கெட்டும் சில மணி நேரமும்தான். ஊரிலிருந்து கிளம்பி வெளிநாட்டு விமானத்தைப் பிடிக்கப் போகும்போது தவறினால் போவது அந்தப் பெரிய டிக்கெட் முழுவதும். பல நிறுவனங்கள் முதல் பகுதிக்கு வராதவரின் திரும்பும் பகுதியையும் ரத்து செய்துவிடும். ஆகவே ஊருக்குப் போகும் திசையில் மலிவைத் தேடலாம்: வண்டி மாற்றக்கூடிய ரயில் டிக்கெட், அல்லது கைப்பையோடு மலிவு விமானம். கிளம்பும் திசையில் ஒரே முன்பதிவு எண் கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் விலைக்கும் அதை எடுத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் ரயிலோ விமானமோ, கடைசியாக எட்டக்கூடிய வண்டிக்கு முந்தைய வண்டி. நாளுக்கு ஒன்றிரண்டு வண்டிகள்தான் என்றால் முந்தைய நாள் மாலையே போய் விமான நிலையத்துக்கு அருகில் தங்குவது. அந்த அறை வாடகையையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபின் எது மலிவு என்று முடிவு செய்தால் போதும்.